வெயிலுக்குப் போட்ட கையெழுத்து

முதல் கடிதம்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் அன்போடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் பேசினால் பாதிப் பேச்சு காற்றோடு போய்விடுகிறது. உங்கள் மருத்துவமனைக்குள் சிக்னல் நுழைய மாட்டேன் என்கிறது. நீங்கள் வெளியே வந்து கூப்பிடும் நேரத்தில் என் கையில் சூடான தட்டு இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். தவிர, குட்டி உங்களுக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள். அதைப் போட்டோ எடுத்து அனுப்பக் கூடாதாம். "அப்பா கையால தொட்டுப் பாக்கணும்" என்கிறாள். உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். அதில் நாய் மாதிரி இருப்பது குதிரை. நானும் நாய் என்று சொல்லித்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீங்களாவது சரியாகச் சொல்லிப் பெயரெடுங்கள்.

பேக்கரி வழக்கம்போல ஓடுகிறது. மாவு விலை ஏறியதும் ரொட்டி விலையைக் கொஞ்சம் ஏற்றினேன். வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போகிறார்கள். புதிதாக வந்திருக்கும் மாஸ்டருக்குக் கை சுத்தம், வாய்தான் ஓயாது. மாவு பிசையும் மிஷின் சத்தத்தையும் தாண்டிப் பேசுகிறார். உங்கள் அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்வதாகச் சொல்கிறாள். செய்ததை நான் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டு டீச்சரம்மா, நம் பாப்பா, பரீட்சைத் தாள் திருத்துவதில் மூழ்கிக் கிடக்கிறாள். கொஞ்சம் இளைத்த மாதிரி தெரிகிறது, ஆனால் நன்றாகத்தான் இருக்கிறாள். சாயங்காலம் குட்டியை நானே பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்துவிடுகிறேன். பேக்கரியில் மாவு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுந்தால் பின்பக்கம் முழுக்க வெள்ளை. பன்னின் மேல்தோலை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு மீதியை வைத்துவிடுகிறாள். அந்த மொட்டை பன்களை மாஸ்டர், "ஓனர் பேத்தி ஸ்பெஷல்" என்று தனியாக அடுக்கி வைக்கிறார். ஒருவர் அதையும் விலை கேட்டாராம்.

வீட்டு விஷயம் கேட்டிருந்தீர்கள். போன வாரம் ஒரு புருஷன் பெண்சாதி வந்து பார்த்தார்கள். பாப்பா பள்ளிக்கூடத்தில் இருந்ததால் நான்தான் சாவி கொண்டுபோய்த் திறந்து காட்டினேன். வீடு பிடித்திருந்தது. ஆனால் சோலார் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள், வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது? வருகிறவர்கள் எல்லோருக்கும் மாடியைப் பார்த்ததும்தான் தயக்கம். இருபது வருஷ ஒப்பந்தத்தில் மூன்று வருஷம்தான் ஓடியிருக்கிறது, மீதியை வாங்குகிறவர் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றால் யாருக்கும் யோசனையாகத்தான் இருக்கும். பேனலைக் கழற்றச் சொன்னால் கம்பெனி கேட்கும் தொகைக்கு இன்னொரு அறையே கட்டிவிடலாம்.

என் பேக்கரி மாடியில் இருக்கும் பேனலில் ஒரு குறையும் இல்லை. கரண்ட் பில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. உங்கள் வீட்டில் மட்டும் ஏன் இப்படி ஆனது என்று எனக்குப் புரியவே இல்லை.

நீங்கள் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். புதிய டயாலிசிஸ் பிரிவை உங்களை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள், அதைக் கவனியுங்கள். வீடு விற்கிற நேரம் வரும்போது விற்கும். அதுவரைக்கும் உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் நாங்கள் இருக்கிறோம்.

எல்லா நலமும் பெற வாழ்த்தும்,
உங்கள் மாமா.

இரண்டாவது கடிதம்

மாப்பிள்ளைக்கு,

உங்கள் பதில் கடிதம் வந்தது. உடனே இதை எழுதுகிறேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் உடனே எழுதவில்லை. எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில இருந்தன. அவற்றைச் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. வீடு விற்காததால் அந்த டயாலிசிஸ் பிரிவுப் பொறுப்பே வேண்டாம் என்று மாதக் கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே பழைய வேலைக்கே திரும்பப் போவதாகச் சொல்லியிருந்தீர்கள். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். இந்தக் கடிதத்தைக் கடைசிவரைக்கும் படித்துவிட்டு, அப்புறம் உங்கள் இஷ்டம்.

"நீங்கள் தூணாக நின்று என் குடும்பத்தைத் தாங்குகிறீர்கள், இந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பேன்" என்று எழுதியிருந்தீர்கள். "கையெழுத்துப் போட்டது நான், யாரையும் குறை சொல்ல முடியாது" என்றும் எழுதியிருந்தீர்கள். அதைப் பேக்கரியில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்தபோது ஒரு தட்டு பன் கரிந்து கருப்பாகியிருந்தது. மாஸ்டர் ஓடிவந்து தட்டை வெளியே இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அந்த வாயாடி மனிதர் தானே கல்லாவில் போய் நின்றுகொண்டார்.

மாப்பிள்ளை, உங்கள் வீட்டில் ஏன் இப்படி ஆனது என்று புரியவில்லை என்று போன கடிதத்தில் எழுதினேன். அது பொய். எனக்கு ஆரம்பத்திலிருந்தே புரியும். நீங்கள்தான் புரியவைத்தீர்கள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. என் தம்பி குடும்பம், உங்கள் அண்ணன் குடும்பம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நான் என் கரண்ட் பில்லைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, பரிசு வாங்கின பிள்ளை மாதிரி எல்லோருக்கும் காட்டினேன். முன்பணம் ஒரு காசு வேண்டாம், கம்பெனியே பேனல் மாட்டித் தருகிறது, மாசா மாசம் கட்டினால் போதும், உங்கள் வீட்டுக்கும் போட்டுவிடுங்கள் என்றேன். நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: "மாமா, நாங்க மூணு பேரும் பகல்ல வீட்ல இருக்கிறதில்லையே. வெயில் அடிக்கிற நேரத்துல கரண்ட் யாருக்கு?"

அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட வேண்டியதில்லை. முழுக் கணக்கும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. என் கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அடுப்பும் மிஷினும் குளிர்ப்பெட்டியும் ஓடுகின்றன. வெயில் வர வர நான் தின்றுவிடுகிறேன். அதோடு என் பேனலை நான் முழுப் பணம் கொடுத்து வாங்கினேன், மாதத் தவணையும் இல்லை, வருஷத்துக்கு வருஷம் ஏறும் தொகையும் இல்லை. உங்கள் வீட்டில் பகலெல்லாம் பூட்டு தொங்குகிறது. வருகிற கரண்டைச் சொற்ப விலைக்கு மின்வாரிய லைனுக்கு அனுப்பிவிட்டு, ராத்திரி விளக்குப் போடவும் துணி துவைக்கவும் அதே லைனில் முழு விலைக்கு வாங்க வேண்டும். சுட்ட ரொட்டியைப் பகலில் பக்கத்துக் கடைக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, ராத்திரி பசிக்கும்போது அவனிடமே போய் முழு விலைக்கு வாங்குவது மாதிரி. எந்தப் பேக்கரிக்காரனுக்கு இது புரியாது?

புரிந்தும் நான் என்ன சொன்னேன்? "மாப்பிள்ளைக்கு ஊசி போடத்தான் தைரியம், கையெழுத்துப் போடத் தைரியம் இல்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அண்ணனும் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள், ஆனால் தட்டைப் பார்த்தபடி. மறுநாளே கம்பெனி ஆளைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள். அது வெயிலுக்குப் போட்ட கையெழுத்து இல்லை, என் வாய்க்குப் போட்ட கையெழுத்து. நல்லது சொன்ன ஆளைச் சபையில் கேலி செய்து தோற்கடித்தேன். அதை ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு அன்றைக்கு இன்னொரு கரண்டி சாதம் போட்டுச் சாப்பிட்டேன்.

இதுவரைக்கும் உள்ளது உங்களுக்கே தெரியும். தெரிந்தும் ஒருநாள் கூடச் சொல்லிக் காட்டவில்லை. இனிமேல் எழுதப்போவது உங்களுக்குத் தெரியாது.

வீடு பார்க்க வந்த புருஷன் பெண்சாதியைப் பற்றி எழுதினேன் அல்லவா? அவர்கள் அந்த வீட்டைக் குடியிருக்கக் கேட்கவில்லை. குழந்தைகள் காப்பகம் நடத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மா கூடத்தில் நின்று, தொட்டில் இங்கே, பாய் அங்கே என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார். பின்பக்க அறையைப் பார்த்துவிட்டு, "இது பிள்ளைங்க தூங்குறதுக்கு, ஏசி ஒண்ணு போட்டுடலாம்" என்றார். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பிள்ளைகள், மின்விசிறி, ஏசி, பால் காய்ச்சும் அடுப்பு, துணி துவைக்கும் மிஷின். எல்லாம் பகலில். என் கடை மாதிரியே. எந்த ஒப்பந்தம் உங்கள் கழுத்தைச் சுற்றியதோ, அதே ஒப்பந்தம் அவர்களுக்குக் கையைக் கடிக்காது. மலையாக லாபம் கொட்டாது, ஆனால் நஷ்டம் வராது. இது அவர்கள் பேசப் பேசவே எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைசியாக அந்த அம்மா கேட்டார்: "மாடியில பேனல் இருக்கே, அது எப்படிங்க? நல்லதா?"

நான் சொன்னேன். இருபது வருஷம் விட முடியாது என்றேன். வருஷா வருஷம் தவணை ஏறும் என்றேன். மாடி ஒழுகினால் கூடக் கம்பெனியைக் கேட்காமல் கை வைக்க முடியாது, கழற்றி மாட்ட அவர்கள் கேட்கும் கூலி தனி என்றேன். நாளைக்கு வீட்டை விற்க நினைத்தால் எங்களை மாதிரி நிற்க வேண்டியதுதான் என்றேன். ஒவ்வொன்றும் சத்தியம். ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பகலில் கரண்ட் செலவழிப்பவர்களுக்கு இது பரவாயில்லை என்ற ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

உங்களிடம் நல்லதை மட்டும் சொன்னேன். அவர்களிடம் கெட்டதை மட்டும் சொன்னேன். இரண்டு தடவையும் பாதி உண்மை. பாதியை விழுங்கியவன் நான்தான்.

ஏன் செய்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க மாட்டீர்கள், உங்கள் குணம் தெரியும். நானே சொல்கிறேன். வீடு விற்று, அந்தப் பணத்தில் அங்கே ஒரு வீடு அமைந்தால் பாப்பாவும் குட்டியும் உங்களிடம் வந்துவிடுவார்கள். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் எனக்கு வேலை இருக்காது. இதுதான். இதற்கு மேல் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவர்கள் போனதும் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சந்தோஷமாகத்தான் கடைக்கு நடந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். குரலை உயர்த்தாமல், "பொண்ணக் கட்டிக் குடுத்தமா, வாடகைக்கு விட்டமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். தைலப் பாட்டிலை மூடிவைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.  

மறுநாள் கடையை மாஸ்டரிடம் விட்டுவிட்டு அந்தக் காப்பகத்து அம்மா வீட்டைத் தேடிப் போனேன். ஒரு தையல் கடைக்கு மேலே, குறுகலான படி. இப்போதைக்குக் காப்பகமும் அங்கேதான், இரண்டு அறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ஒன்று என் காலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதைத் தூக்கி வைத்துக்கொண்டே பேசினேன். பேனலைப் பற்றி அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்ல வந்திருக்கிறேன் என்றேன்.

அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "அன்னைக்கு வேண்டாம்ங்கிற மாதிரி பேசினீங்க. இன்னைக்கு நல்லதுங்கிறீங்க. இதுல எதைங்க நாங்க நம்புறது?" என்றார். நியாயமான கேள்வி. என் வார்த்தைக்கு அங்கே ஒரு பன் விலை கூட இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அம்மாதான், "அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டார். பிள்ளைகளை நாள் முழுக்கக் கவனிப்பவர், ஆளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் போலிருக்கிறது. "எம் பொண்ணு இங்கயே இருக்கட்டும்னு" என்றேன். அவர் என் கையில் இருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

என் பேச்சை நம்ப வேண்டாம், மீட்டரை நம்புங்கள் என்றேன். கடைக்கு அழைத்து வந்து, வெயில் நேரத்தில் அடுப்பும் மிஷினும் ஓடும்போது மீட்டர் எப்படி நிற்கிறது என்று காட்டினேன். என் பில், உங்கள் வீட்டுப் பில் இரண்டையும் கையில் கொடுத்தேன். உங்கள் பில்லைத் தருவதற்கு உங்களைக் கேட்டிருக்க வேண்டும், அதையும் கேட்காமல் செய்தேன். ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். நல்லது, கெட்டது, இரண்டுமே. அவர்கள் எடுத்துக்கொண்டு போய், தெரிந்தவர்களைக் கேட்டு, நான்கு நாள் கழித்து வந்தார்கள். ஒப்பந்தத்தோடு வீட்டை வாங்கிக்கொள்கிறார்கள். தவணை வருஷா வருஷம் ஏறுவதால் வீட்டு விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்கிறார்கள். அந்தக் குறைவு உங்கள் தலையில் விழக் கூடாது. புதிய அடுப்புக்கென்று வைத்திருந்த பணம் இருக்கிறது, பழைய அடுப்பு இன்னும் கொஞ்ச நாள் எரியும். வேண்டாம் என்று மறுப்பதாக இருந்தால் உங்கள் அத்தையிடம் பேசிக்கொள்ளுங்கள். இது அவள் உத்தரவு.

பாப்பாவிடமும் சொல்லிவிட்டேன். பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டே கேட்டாள். பேனாவைக் கீழே வைக்கவில்லை. ஆனால் ஒரே தாளைத்தான் கடைசிவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும், "ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஒவ்வொரு லீவுக்கும் இங்கதாம்ப்பா வந்து இருந்திருப்பேன். நீங்க கேக்கவே இல்லையே" என்றாள். அப்புறம், "அவருக்கு நீங்களே எழுதுங்க. உங்களுக்காக நான் சொல்ல மாட்டேன்" என்றாள். அன்றிலிருந்து என்னோடு அவசியத்துக்கு மட்டும் பேசுகிறாள். குட்டியைக் கடைக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நான் மன்னிப்புக் கேட்டால் நீங்கள் உடனே, "பரவாயில்ல மாமா" என்று சொல்லிவிடுவீர்கள். அந்த வார்த்தை எனக்கு இப்போது வேண்டாம். அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன். கோபம் வந்தால் வந்து நாலு வார்த்தை திட்டுங்கள். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறேன், அவர்கள் முன்னாலேயே திட்டுங்கள். நீங்கள் சொன்னதுதான் சரி என்று அவர்களிடம் நானே சொல்லப் போகிறேன். என் தம்பியிடம் சொல்லிவிட்டேன். உங்கள் அண்ணனிடம் இந்த வாரம் போகிறேன்.

ஆனால் வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பத்திரம் முடிக்க அடுத்த மாதம் நீங்கள் வந்து நிற்க வேண்டும். லீவு சொல்லிவிட்டு வாருங்கள். வரும்போது தனியாக வாருங்கள், போகும்போது மூன்று பேராகப் போங்கள். சாமான் கட்டுவதற்கு அட்டைப் பெட்டிகள் கடையில் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அங்கே வீடு பார்க்கும்போது பள்ளிக்கூடத்துக்குப் பக்கமாகப் பாருங்கள். பாப்பாவுக்கு விடியற்காலைக் காற்று ஆகாது, படுக்கிற அறை ஜன்னல் கிழக்கே இல்லாமல் இருந்தால் நல்லது. குட்டி ஒரு வருஷத்தில் நிறைய மாறிவிட்டாள், உங்களுக்குப் பழக ஒன்றிரண்டு நாள் ஆகலாம், வருத்தப்படாதீர்கள். ரோட்டைக் கடக்கும்போது அவள் கையைக் கொடுக்க மாட்டாள், பெரிய மனுஷியாம். சட்டை நுனியைத்தான் பிடித்துக்கொள்வாள். அது பிடித்த மாதிரியே தெரியாது. அதனால் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே நடங்கள் மாப்பிள்ளை.

நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமா.